இரண்டாம் முறுக்கு

பதினான்கு வருடமாக அமரர் ஊர்தி ஓட்டுகிற அந்த டிரைவருக்கு நத்தை என்று பெயர் வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். துக்க வீட்டிலிருந்து மயானம் வரை, பின்னால் நடந்து வருகிறவர்களின் காலுக்குத் தக்கபடி வண்டியை ஊரவிட்டுக்கொண்டு போவார். கிளட்சைப் பாதி அமுக்குவார், பாதி விடுவார். பெட்டிக்குள் இருக்கிறவருக்கு வண்டி கிளம்பியதே தெரியக்கூடாது என்பது அவருடைய கொள்கை. தெரிந்தால் மட்டும் எழுந்து வந்து புகார் கொடுத்துவிடப் போகிறாரா என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

போன வியாழக்கிழமை ஒருவர் அப்படித்தான் கொடுத்தார். கொடுத்த மாதிரி இருந்தது என்று சொல்லிவைப்போம்.

இறந்தவர் ஒரு பெரிய கட்டடத்தில் லிப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் வேலை செய்யும் தங்கச்சியோடு ஒரே வீட்டில் இருந்தார். அந்தம்மாவுக்கும் அவரை விட்டால் ஆளில்லை. ஊர்தியின் பின்கதவில் ஒரு கையை வைத்தபடியே நடந்து வந்தார். அழவில்லை.

மூன்றாவது திருப்பத்தில் வண்டியின் பின்பக்கம் ‘டக்’ என்றது. கொஞ்சம் ஊர்ந்ததும் இன்னொரு ‘டக்’. பிறகு இரண்டு, அடுத்தடுத்து. விரல் முட்டியால் பலகையைத் தட்டுகிற சத்தம்.

“அண்ணன் தட்டுறாரு. நிறுத்துங்க” என்றார் அந்தம்மா.

நடுத்தெருவில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தார்கள். கூட வந்த நர்ஸ் ஒருத்தி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதமும் இருந்தது. பெட்டியை மூடினார்கள். நத்தை மெல்லக் கிளட்சை விட்டார். பத்தடி போகவில்லை, ‘டக்.’

பக்கக் கண்ணாடியில் அந்தம்மாவின் முகம் தெரிந்தது. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாய் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. நத்தை பார்த்தார். பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை அவர் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவர் செத்தவர்தான் என்று புத்தி சொல்லும். நர்ஸ் பார்த்தாளே, காகிதம் இருந்ததே என்று சாட்சி வைக்கும். ஆனால் மூடிய பிறகுதானே மறுபடி தட்டியது என்று மனசு குறுக்கே விழும். உயிரோடு இருந்த ஒரு மனிதரை மண்ணுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டேனா? வெளியே ஒருவரிடமும் கேட்க முடியாத கேள்வி. ஊமை கண்ட கனவு மாதிரி உள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

ஆனால் அவரைக் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தது. அந்தம்மா தினமும் காலையில் ஆபீசுக்கு வந்தார். வாசல் ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார், கொடுத்த தண்ணீரைக் குடிப்பார், ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“ரெண்டாவது தடவை ஏன் தம்பி நிறுத்தல?”

நத்தை வண்டியில் ஏதோ சத்தம் என்பார். என்ன சத்தம் என்பார் அந்தம்மா. பார்த்துச் சொல்கிறேன் என்பார் இவர். அவர் எழுந்து போய்விடுவார். மறுநாள் காலை அதே நாற்காலி.

ஊர்தியின் முதலாளி நத்தைக்கு வேற்றாள் இல்லை, அவருடைய அக்கா வீட்டுக்காரர். அத்தானிடம் நத்தை விஷயத்தை எடுத்ததும், அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். அந்த வியாழனுக்கு முந்தின நாள்தான் வண்டி பின்சக்கரத்தில் பேரிங் மாற்றி, வேலை பார்த்து வந்தது, வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. பொம்பளை துக்கத்தில் உளறினால் நீயுமா உளறுவாய் என்று கேட்டார். அந்த வண்டியை ஓரங்கட்டிவிட்டு இன்னொரு வண்டியை எடுக்கச் சொன்னார். சத்தமே இல்லாத வண்டியை எதற்கு ஓரங்கட்ட வேண்டும்? நத்தை இதைக் கேட்கவில்லை, மனசுக்குள் முடிச்சுப்போட்டு வைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் சந்தேகம் முதலில் போனது மெக்கானிக் மேல்தான். புது பேரிங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு எவனுடைய பழசையோ மாட்டிவிட்டானோ? வெள்ளிக்கிழமை அவரே வண்டியை ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு எடுத்துப் போனார். முன்னால் போனார், பின்னால் வந்தார், இடது வட்டம் போட்டார், வலது வட்டம் போட்டார். வியாழக்கிழமை ஊர்ந்த அதே வேகத்தில் ஊர்ந்தார். ஒரு சத்தமும் இல்லை. பாலைக் குடித்த பூனை மாதிரி வண்டி பவ்வியமாகப் போயிற்று.

அங்கேதான் அவர் இஞ்சினை நிறுத்தினார். கெட்டுப்போன இரும்பு என்றால் எப்போதும் சத்தம் போட வேண்டும். ஆள் இருந்தால் தட்டும், ஆள் இல்லாவிட்டால் தட்டாது என்றால் அதற்குப் பேர் என்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் பிரயோஜனமில்லை. இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியை ஷெட்டில் விட்டார்.

புதன்கிழமை மெக்கானிக்கிடம் போனார். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, குழாய். எப்போதும் சட்டைப்பையில் ஒன்றரை முழம் ரப்பர் குழாய் வைத்திருப்பான். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இஞ்சினிலோ சக்கரத்திலோ வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கெட்டிக்காரன், வாயாடி. அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. நத்தை பேசப் பேச ஒரு சுத்தமான ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கடைசியில் எழுந்து வந்து, இடது பின்சக்கரத்து டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். கோடு ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் சத்தம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும் என்றான். ஒரு தடவை வந்தால் டயரில் கல் மாட்டியிருக்கும், இல்லையென்றால் பேரிங். மூன்று நான்கு தடவை வந்தால், இஞ்சினிலிருந்து பின்னால் வருகிற நீளத் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கும், அந்தத் தண்டு சக்கரத்தைவிட அத்தனை மடங்கு வேகமாகச் சுற்றும். இரண்டும் இல்லாமல், வண்டி கிளம்பும்போதும் வேகம் தளரும்போதும் மட்டும் வந்தால்…

“வந்தா?”

“பாக்கலாம்ண்ணே.”

ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. குழாய் பின்தலையைச் சொறிந்தான்.

“வெறும் வண்டியில வராது. எடை ஏத்தணும்” என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எடை ஏற்றினால்தான் வரும் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை இவன் தெருவில் இல்லையே. நத்தை அவன் கண்ணைப் பார்த்தார், அவன் ஸ்பேனரைப் பார்த்தான். பிறகு கடைக்குப் பின்பக்கம் போய் யாருக்கோ போன் செய்தான். பத்தே நிமிடத்தில் அத்தானின் பைக் வந்து நின்றது. பேரிங் மாற்றியபோதுகூடப் பக்கத்தில் நின்று பார்க்காத மனிதர், ‘டக்’ சத்தத்துக்குப் பறந்து வருகிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இப்போது நத்தையின் சந்தேகத்துக்கு இரண்டு கால் முளைத்து, ஒன்று மெக்கானிக் பக்கமும் ஒன்று அத்தான் பக்கமும் நின்றது.

மணல் மூட்டை போடலாம் என்றார் அத்தான். இரண்டு மூட்டையைப் பின்னால் போட்டார்கள். இன்னும் ஒரு ஆள் எடை குறைந்தது. நத்தை செருப்பைக் கழற்றினார்.

“நானே படுக்கிறேன்” என்றார்.

அத்தான் வேண்டாம் மாப்ளே என்றார், குழாய் தரையைப் பார்த்தான். நத்தை கேட்கவில்லை. அந்தப் பெரியவர் கிடந்த இடத்தில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இனி ஒரு வாய் சோறு தின்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார். பெட்டி வைக்கிற தகரத் தட்டில் நீட்டிப் படுத்தார். குழாய் தன் ரப்பர் குழாயை அவர் கையில் கொடுத்து, இடது சக்கரத்துக்கு மேல், வலது சக்கரத்துக்கு மேல், பிறகு முன்மூலை என்று மூன்று இடத்தில் வைத்துக் கேட்கச் சொன்னான். பின்கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

குழாய் ஓட்ட, அத்தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நத்தைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. வண்டி கிளம்பியது.

‘டக்.’

அதேதான். ரப்பர் குழாயை இடது சக்கரத்துக்கு மேலே வைத்தார். கிளட்சை அமுக்கினால் ஒன்று, விட்டால் ஒன்று. டக். டக். சக்கரம் சுற்றுகிற கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலது பக்கம் வைத்தார், அங்கே தூரத்துச் சத்தம். இடதுதான். ஆள் இல்லை, ஆவி இல்லை, இடது பின்சக்கரம். சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சொன்ன வேலையைச் செய்து முடிக்கிற மனிதர் என்பதால், மூன்றாவது இடமான முன்மூலையிலும் குழாயை வைத்தார். அங்கே தடுப்பில் பின்விளக்குக்கு வயர் போகிற ஓட்டை இருந்தது. குழாயின் முனை அதில் போய் உட்கார்ந்தது. காதுக்குள் அத்தான் பேசினார்.

பின்னால் ஆளை வைத்துக்கொண்டே பேசுவதை அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள்தான் செய்வார்கள். அமரர் ஊர்தியின் முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள், பின்னால் இருக்கிறவருக்குக் கேட்குமே என்று எதையும் மறைத்துப் பேசிப் பழகியதில்லை. குடும்பச் சண்டை, ஊர்வம்பு, எல்லாம் அங்கேதான். பின்கதவு மூடியதும் பின்னால் யாரும் இல்லை என்பது அத்தானுக்கு வருடக்கணக்காக ஊறிப்போன பழக்கம். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்கிற பழமொழியில் பக்கத்தைத்தான் சொன்னார்கள், பின்பக்கத்தைச் சொல்லவில்லை.

“சக்கரத்து நட்டுதானா?” என்றார் அத்தான்.

“வேற என்ன? அன்னிக்குச் சாயங்காலம் முதல் முறுக்குதான் போட்டிருக்கேன், ராத்திரி நின்னு பேரிங் படியட்டும், காலையில ரெண்டாவது முறுக்கு முழுசாப் போடணும், அதுவரைக்கும் எடை ஏத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க நேராப் போய் உங்க புது வீட்டுக்கு டைல்ஸ் ஏத்தினீங்க. காலையில வண்டியே வரல.”

“சரி விடு. மாப்ளேகிட்ட அதைச் சொல்லாத. கிளட்சை அமுக்கி அமுக்கி அவன் ஓட்டின ஓட்டுல வந்ததுன்னு சொல்லிடு. அவன் ஏற்கெனவே பயந்து போய்க் கிடக்கான், என்ன சொன்னாலும் நம்புவான்.”

“அவரு ஒரு வாரமா சாப்பிடலையாம் முதலாளி.”

“எனக்கும் தெரியும். அந்தப் பொம்பளை ஊரெல்லாம் சொல்லிட்டா நம்ம பேரு என்ன ஆகும்? கொஞ்ச நாள்ல அவளே மறந்துடுவா.”

நத்தைக்குக் கோபம் வர எப்போதுமே நேரமாகும், எல்லாவற்றிலும் நத்தைதான். இந்தத் தடவை உடனே வந்தது. டைல்ஸ் ஏற்றியதற்கு இல்லை. நட்டு முறுக்காததற்குக்கூட இல்லை. முதல் நாளே தெரிந்திருக்கிறது. அந்தம்மா நாற்காலியில் வந்து உட்காரும்போதெல்லாம் அத்தானுக்குத் தெரிந்திருக்கிறது. தட்டைத் தொடாமல் நத்தை எழுந்து போனதை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே தின்றிருக்கிறார்.

விரல் முட்டியால் தடுப்புப் பலகையைத் தட்டினார். டக். டக். டக்.

வண்டி குலுங்கி நின்றது. கதவு திறந்து, அத்தான் ‘ஐயோ’ என்று நடுரோட்டில் ஓடுவது கேட்டது. அவர் செருப்பு ஒன்று வண்டிக்குள்ளேயே கிடந்தது. குழாய் வந்து பின்கதவைத் திறந்தான். நத்தை இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். இருபதடி தள்ளி, ஒற்றைக் காலில் செருப்போடு நின்ற அத்தானிடம் போனார்.

“பின்னாடி படுத்தா எல்லாம் கேக்குது அத்தான்” என்றார்.

அத்தான் வெறுங்காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. குழாய்தான் முதலில் பேசினான். நீளக் கம்பியை எடுத்து வருகிறேன், கால் மணி நேர வேலை, இங்கேயே முறுக்கிவிடலாம் என்றான். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் அவனுடைய மன்னிப்பு.

“முறுக்காத” என்றார் நத்தை. “இன்னும் ஒரு ஆள் கேக்கணும்.”

மணல் மூட்டையை இறக்கினார்கள். அத்தானின் புது வீட்டு வராந்தாவில் மிச்சம் கிடந்த டைல்ஸ் பெட்டிகளை ஏற்றினார்கள். நத்தை கைகட்டி நின்றார். ஒவ்வொரு பெட்டியையும் அத்தானே தூக்கி வைத்தார். அக்கா வாசலுக்கு வந்து என்ன விஷயம் என்று கேட்டாள். உன் புருஷனிடம் கேள் என்று தம்பி சொல்ல, அவள் கேட்டாள், கேட்டுவிட்டு இன்னும் இரண்டு பெட்டியை எடுத்து வந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

அப்படியே தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். ஊர்தி வந்து வாசலில் நின்றதைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார், கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அத்தான் முன்னால் போய் நின்று சொன்னார். என் தப்பு, நட்டு முறுக்காமல் பாரம் ஏற்றினேன், அதனால் வந்த சத்தம் என்று மென்று விழுங்கிச் சொன்னார். அந்தம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்கதவுக்குப் போனார்.

“திறங்க.”

நத்தை திறந்தார். அந்தம்மா ஒவ்வொரு டைல்ஸ் பெட்டியையும் கையால் அழுத்திப் பார்த்தார். ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த டைலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். குனிந்து தட்டுக்கு அடியில் பார்த்தார். அவருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

“வேற யாரும் உள்ள இல்லையே?”

“யாரும் இல்லம்மா.”

அவரே கதவை மூடினார். அன்றைக்கு மாதிரியே ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டார். நத்தை ஏறி, கிளட்சைப் பாதி விட்டார்.

டக்.

பக்கக் கண்ணாடியில் அந்த முகம். வண்டி ஊர்ந்தது. டக். மூன்றாவது திருப்பம் திரும்பும்போது அடுத்தடுத்து இரண்டு. அந்தம்மா கதவை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். நத்தை அந்தக் கணமே நிறுத்தினார்.

ஜன்னல் பக்கம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“அப்போ அண்ணன் தட்டல.”

“இல்லம்மா. சக்கரம்.”

“நான் விட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சேன் தம்பி. தட்டத் தட்ட விட்டுட்டு வந்துட்டேன்னு.”

“நானும்மா.”

அந்தம்மா தலையாட்டினார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கையில் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“அப்போ நெசமாவே போய்ட்டாரு” என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதார். துக்க வீட்டில் அழாதவர், மயானத்தில் அழாதவர், ஒரு வாரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தவர், நடுத்தெருவில் ஊர்தியின் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். நத்தை இறங்கிப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச தூரத்தில் நீளக் கம்பியோடு குழாய் நின்றான். அவனுக்குப் பின்னால் அத்தான் நின்றார், தலை குனிந்திருந்தது.

வெகுநேரம் கழித்து அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப முறுக்குங்க” என்றார்.

குழாய் சக்கரத்தின் மூடியைக் கழற்றி, கம்பியை மாட்டி, முழு எடையும் போட்டு முறுக்கினான். நட்டு ஒரு முக்கால் சுற்று போய் நின்றது. நத்தை வண்டியில் ஏறி ஊர்ந்தார். அந்தம்மா கதவில் கை வைத்துத் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.